மகஜரை யாரிடம் கொடுப்பது? மூன்று அரசாங்கங்களுக்கு நடுவே ஒரு தேர்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் குடியேறிய தாமான்களிலிருந்தும் (வீடமைப்புப் பகுதிகள்) மகஜர் (கோரிக்கை மனு) எழுதித் தரும்படி என்னிடம் வருகிறவர்கள், எழுதி முடித்து எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். இதை யாரிடம் கொடுப்பது? நகராண்மைக் கழகத்திடமா, சட்டமன்ற உறுப்பினரிடமா, நாடாளுமன்ற உறுப்பினரிடமா? பின்னிரு பதவிகளில் இருப்பவர்களையும் நாம் ஒய்.பி. (மாண்புமிகு) என்றே அழைப்பதால், அவர்கள் செய்யும் வேலையும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கோவில் திருவிழாவுக்கு வந்த ஒய்.பி.யின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் காரியம் நடந்துவிடும் என்று நம்புகிறோம். தங்கள் தோட்டம் கைமாறப்போவதாகக் கேள்விப்பட்டு என்னிடம் வந்த சில குடும்பங்களும் இதே கேள்வியைக் கேட்டதால்தான் இந்தக் கட்டுரை.

நானும் அப்படி நம்பியவன்தான். பழைய தோட்டமொன்றின் ஓய்வுபெற்ற தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னால் கால்வாய் தூர்ந்துபோய், மழைக்காலத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, நாங்கள் எழுதிய மகஜர் முதலில் ஓர் அமைச்சுக்குப் போனது. அது தங்கள் அதிகார வரம்பில் இல்லை என்று சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அடுத்து நாங்கள் அணுகிய ஊராட்சி (உள்ளாட்சி) அலுவலகம், நிலம் தனியார் பெயரில் இருப்பதால் தங்கள் ஆட்கள் உள்ளே இறங்க முடியாது என்றது. கடைசியில் நில அலுவலகத்தில் பத்திரத்தைத் தேடிப் பார்த்தபோதுதான், கால்வாய் ஓடும் துண்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரிந்தது. பதினான்கு மாதங்கள் கழிந்திருந்தன, அதற்குள் இரண்டு முறை வெள்ளம் வந்துவிட்டது. அந்தப் பதினான்கு மாதங்களில் யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் அலுவலகமும் தன் வரம்பைச் சொன்னது. அந்த வரம்புகளை வகுத்த சட்டத்தை நாங்கள்தான் முதலில் பார்க்காமல் போனோம்.

எதை வைத்து எடை போடுவது

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவதும் முக்கியமானதும், எவருடைய கையெழுத்து விழுந்தால் விஷயம் முடியும் என்பது. இரண்டாவது, அதைச் செய்வதற்கான பணம் எவருடைய பெட்டியில் இருக்கிறது என்பது. மூன்றாவது, அவர் செய்யாவிட்டால் அடுத்த தேர்தலில் நம்மால் கேள்வி கேட்க முடியுமா என்பது. நான்காவது, அந்த வழியில் போவதால் பின்னால் வந்து சேரும் செலவுகளும் இழப்புகளும் எவை என்பது.

முதல் அளவுகோலுக்கான விடை கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. ரீட் ஆணையத்தின் பரிந்துரைகளை அடிப்படையாகக் கொண்டு உருவாகி, 1957இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், ஆட்சி அதிகாரத்தைக் கூட்டரசுப் (மத்திய அரசுப்) பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று பிரித்துவைத்திருக்கிறது. கூட்டாட்சி என்பதன் பொருளே இதுதான். மாநில அரசு மத்திய அரசின் கிளை அலுவலகம் அன்று. தனக்கு ஒதுக்கப்பட்ட துறைகளில் அதற்குத் தனி அதிகாரம் உண்டு. இரண்டு சட்டங்கள் முரண்பட்டால் கூட்டரசுச் சட்டமே நிற்கும் என்று 75ஆவது பிரிவு சொல்கிறது. எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத விஷயங்கள் மாநிலத்தைச் சேரும் என்பது 77ஆவது பிரிவு.

இங்கே ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நம்மில் பலர் தமிழ்நாட்டுச் செய்திகளை அன்றாடம் படிக்கிறவர்கள். அங்கே காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. பள்ளிக்கல்வி 1976 முதல் பொதுப் பட்டியலில் இருந்தாலும் பள்ளிகளைப் பெரும்பாலும் மாநில அரசே நடத்துகிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று மந்திரி பெசாருக்கு (மாநில முதலமைச்சருக்கு) மகஜர் எழுதுகிறோம். இங்கே கல்வி, சுகாதாரம், காவல்துறை, குடியுரிமை, தொழிலாளர் நலன் ஆகிய அனைத்தும் கூட்டரசுப் பட்டியலில் இருக்கின்றன. மந்திரி பெசார் விரும்பினாலும் ஓர் ஆசிரியரை நியமிக்க முடியாது. எஞ்சியது என்ன என்று கேட்டால், நிலம் எஞ்சியது. தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை அந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் பெரும்பாலான துன்பங்களும் அடங்கியிருக்கின்றன.

நம் வட்டாரத்தில் அடிக்கடி வரும் பிரச்சினைகளை வைத்துப் பார்த்தால் படம் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

| பிரச்சினை | எந்தப் பட்டியல் | கையெழுத்து எங்கே |
|---|---|---|
| தாமான் சாலை, தெருவிளக்கு, சிறு வடிகால், வியாபார உரிமம் | மாநிலப் பட்டியல் (ஊராட்சி) | நகராண்மைக் கழகம் |
| வீட்டுமனை, கோவில் நிலம், இடுகாட்டு நிலம் | மாநிலப் பட்டியல் | நில அலுவலகம் வழியாக மாநில ஆட்சிக்குழு |
| தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர், பாடத்திட்டம், மானியம் | கூட்டரசுப் பட்டியல் | கல்வி அமைச்சு |
| பிறப்புப் பத்திரம், குடியுரிமை, நிரந்தரவாசிகளின் சிவப்பு அடையாள அட்டை | கூட்டரசுப் பட்டியல் | தேசியப் பதிவு இலாகா, உள்துறை அமைச்சு |
| சம்பள பாக்கி, லயத்து வீடுகளின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தரம் | கூட்டரசுப் பட்டியல் | ஆள்பல (தொழிலாளர்) இலாகா |
| பெரிய வடிகால், வீடமைப்பு, சமூகநலன் | பொதுப் பட்டியல் | இரு அரசுகளும் |

சாலைக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊரை ஊடறுத்து ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போகும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை. அதிலிருந்து உட்புறம் பிரிகிறவற்றில் மாநிலச் சாலைகள் உண்டு. தாமானுக்குள் இருப்பவை நகராண்மைக் கழகத்துடையவை. தோட்டத்து மண் சாலையோ தோட்ட முதலாளியுடையது. ஒரே மோட்டார் சைக்கிள் பயணத்தில் நான்கு உரிமையாளர்களைக் கடந்து போகிறோம் என்பதால், குழி எங்கே இருக்கிறது என்பதை வைத்தே மகஜர் போக வேண்டிய இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

நகராண்மைக் கழகம்

நம் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் அரசாங்கம் இதுதான். மதிப்பீட்டு வரி கட்டுகிற தாமான்வாசிக்கு இங்கே நேரடியாகக் கேட்கும் உரிமை உண்டு. தெருவிளக்கு, அடைபட்ட கால்வாய், அள்ளாத குப்பை போன்றவற்றுக்கு ஒய்.பி. வரை போவது தேவையில்லை. புகாரை எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் நடந்துவிடும். குப்பை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தபோது கெடா, நெகிரி செம்பிலான், ஜொகூர் போன்ற மாநிலங்கள் அதில் சேர்ந்து அந்தப் பொறுப்பைக் கூட்டரசு அமைப்பிடம் விட்டன. பேராக், சிலாங்கூர், பினாங்கு சேரவில்லை. கெடாவிலிருக்கும் உறவினர் சொல்லும் வழி நமக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு அதுவே காரணம்.

மூன்றாவது அளவுகோலில் இந்த வழி பலவீனமானது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி தலைவருடன் குறைந்தது 8 பேரையும் அதிகபட்சம் 24 பேரையும் மாநில அரசு நியமிக்கிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜார்ஜ்டவுனில் 1951லேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைக்கப்பட்ட அரச ஆணையம், ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. நம் சமூகத்திலிருந்து வந்த ஒருவர் இந்த நாட்டின் ஜனநாயகத்துக்காக விட்டுச்சென்ற அந்தப் பரிந்துரை இன்றுவரை நிறைவேறவில்லை. பினாங்கு மாநிலம் 2012இல் தேர்தலை மீட்கத் தனிச் சட்டம் இயற்றியபோதும், 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருந்தும், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மீறி மாநிலம் தனியாக முடிவெடுக்க இயலவில்லை என்பது கூட்டாட்சியின் எல்லையைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு.

மறைந்திருக்கும் செலவு தோட்டத்து மக்களுக்குத்தான் அதிகம். தோட்டம் தனியார் நிலம் என்பதால், அதற்குள் இருக்கும் கால்வாயும் விளக்கும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் வராது. ஒரு குடியிருப்பைக் கழகம் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு வெற்றி பெற்றால், அதன்பின் மதிப்பீட்டு வரி வீடு தேடி வரும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு மகஜர் எழுதுவதே நேர்மை.

சட்டமன்ற உறுப்பினரும் மாநில அரசும்

சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் இவை இரண்டு. நாடாளுமன்ற உறுப்பினரை விடச் சிறிய பதவி என்று மக்கள் நினைத்துக் கடந்து போகும் இந்த வழிதான் தோட்டத்துப் பிரச்சினைகளுக்கு மிக வலுவானது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் நிலம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியிருந்தாலும், தீபகற்பத்தில் நிலத்தை வழங்குவதும், மறுப்பதும், அதன் பயன்பாட்டை மாற்ற அனுமதிப்பதும் மாநில அரசின் அதிகாரம். தோட்டம் விற்கப்படப்போகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் நாம் பதற்றத்தில் கோலாலம்பூருக்கு ஓடுகிறோம். ஆனால் வாங்கிய நிறுவனம் செம்பனையை அழித்து வீடுகள் கட்ட வேண்டுமானால், விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றித் தரும்படி மாநில அரசிடம் விண்ணப்பித்தே ஆக வேண்டும். அந்த அனுமதியோடு நிபந்தனை விதிக்கும் அதிகாரமும் மாநிலத்துக்கு உண்டு. லயத்தில் இருப்பவர்களுக்கு வீடு, கோவிலுக்கு மனை, பள்ளிக்கு நிலம் ஆகியவற்றைக் கேட்க அதைவிடப் பொருத்தமான தருணம் வேறு இல்லை. அனுமதி வழங்கிய பிறகு கேட்டால் மாநில அரசு நிறுவனத்திடம் வேண்டுகோள்தான் வைக்க முடியும். அனுமதிக்கு முன்பு கேட்டால் அது நிபந்தனையாகவே மாறும். மேலும், 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, மாநிலத்தின் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலும் தேவை.

1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் தெருவில் நின்றபோது, நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். கூட்டரசு அமைச்சராக இருந்த அவரே, தோட்டத்தை வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்வதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வந்தார் என்பது என்னைப் பலமுறை யோசிக்க வைத்திருக்கிறது.

இந்த வழியின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். நில முடிவுகளை எடுப்பது மந்திரி பெசார் தலைமையிலான மாநில ஆட்சிக்குழு. உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அந்தக் குழுவில் இல்லையென்றால் அவர் கோரிக்கையைக் கொண்டு சேர்க்கலாம், மன்றத்தில் எழுப்பலாம், ஆனால் முடிவெடுக்க இயலாது. நிலம் கிடைத்தாலும் பிரீமியம் (நிலம் வழங்குவதற்கு மாநிலம் வாங்கும் தொகை), நிலவரி, அளவைக் கட்டணம் ஆகியவை வரும். கோவில் நிர்வாகங்கள் ஒப்புதல் கிடைத்த மகிழ்ச்சியில் பிரீமியம் கட்டும் கெடுவைத் தவறவிட்டால், ஒப்புதலே காலாவதியாகிவிடும். ஆட்சி மாற்றமும் ஓர் அபாயம். 2009 பிப்ரவரியில் பேராக்கில் தேர்தல் இல்லாமலேயே ஆட்சி மாறியதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே மேடையில் சொன்ன வாக்குறுதியை முடிவாகக் கொள்ளாமல், ஆட்சிக்குழுவின் ஒப்புதல் எழுத்து வடிவில் நில அலுவலகத்துக்கு வந்துவிட்டதா என்பதை உறுதிசெய்யும்வரை விடக்கூடாது.

நாடாளுமன்ற உறுப்பினரும் மத்திய அரசும்

இரண்டாவது அளவுகோலான பணத்தில் இவர்களுக்கே முதலிடம். வருமான வரி, சுங்க வரி, விற்பனை சேவை வரி எல்லாம் கூட்டரசுக்குப் போகின்றன. மாநிலத்துக்கு எஞ்சுவது பெரும்பாலும் நிலம், காடு, கனிமம் ஆகியவற்றிலிருந்து வரும் வருமானமும், மத்திய அரசு தரும் மானியங்களும்தான். மாநிலம் நிலம் தர ஒப்புக்கொண்டும் கட்டடம் எழாமல் பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடக்கும் மனைகளுக்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

குடியுரிமையும் பிறப்புப் பத்திரமும் தொடர்பான வழக்குகளுக்கு வேறு வழியே கிடையாது. அவை முழுக்க முழுக்க மத்திய அரசின் விஷயம். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்கும் நாள்கள் வீணாகும் நாள்களே. பிள்ளை 21 வயதை எட்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டிய பிரிவுகள் அரசியலமைப்பில் இருந்ததால், தவறான அலுவலகங்களில் ஆண்டுகளைக் கழித்து அந்த வயதைக் கடந்துபோன பிள்ளைகளை நான் அறிவேன். எனக்கு மிகுந்த வேதனை தரும் தாமதம் அதுதான்.

தோட்டத்தில் இப்போதும் வேலை செய்கிறவர்களின் குடியிருப்புத் தரத்துக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது ஆள்பல இலாகா. ஆனால் அந்தச் சட்டம் தொழிலாளரைப் பாதுகாக்கிறதே தவிர, ஓய்வுபெற்று அதே லயத்தில் தங்கியிருப்பவரை அல்ல. வேலை முடிந்த மறுநாள் வீட்டின் மீதான சட்டப் பாதுகாப்பும் முடிகிறது. அப்போது பிரச்சினை தொழிலாளர் நலனிலிருந்து வீடமைப்புக்கும் நிலத்துக்கும் மாறிவிடுகிறது. அதாவது மகஜரின் முகவரியும் மாற வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினரின் தனிச்சிறப்பு, 222 பேர் கொண்ட மக்களவையில் அமைச்சரைக் கேள்வி கேட்கும் உரிமை. அமைச்சர் தரும் பதில் அவைக்குறிப்பில் ஏறி எவரும் படிக்கக் கிடைக்கும். பின்னாளில் அதே அமைச்சிடம் அதைக் காட்டிக் கேட்கலாம். சிபாரிசுக் கடிதம் ஒன்றை வாங்குவதைவிட, உங்கள் பிரச்சினையை ஒரு கேள்வியாக எழுப்பச் சொல்வது பல சமயங்களில் பயனுள்ளது. ஆனால் மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. உறுப்பினர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரானால் தொகுதி ஒதுக்கீட்டு நிதி அவருக்குக் குறைவாகவோ கிடைக்காமலோ போன காலங்கள் இருந்திருக்கின்றன. பணம் தேவைப்படும் மகஜரா, கேள்வி தேவைப்படும் மகஜரா என்று பிரித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

நீதிமன்றம்

இதை விரைவாகக் கடந்து போகிறேன், ஏனெனில் இது கடைசி வழி. சம்பள பாக்கிக்கு ஆள்பல இலாகாவின் தொழிலாளர் நீதிமன்றம் வழக்கறிஞர் இல்லாமலேயே விசாரிக்கும் என்பதால் அதற்கு மட்டும் தயங்க வேண்டாம். அரசு எடுத்த முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கோருவதானால், முடிவு தெரிந்த மூன்று மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒய்.பி. பேசிப் பார்க்கிறார் என்று காத்திருக்கும்போதே அந்தக் கெடு ஓடிவிடும் என்பதை மனத்தில் வையுங்கள்.

ஒரே பிரச்சினைக்கு மூன்று கையெழுத்து

தோட்டத் தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியரும் பாடத்திட்டமும் மத்திய அரசுடையவை. பள்ளி நிற்கும் நிலம் பல இடங்களில் இன்னும் தோட்ட முதலாளியுடையது. அதனால் பள்ளி முழு உதவி பெறாமல் பகுதி உதவி பெறும் பள்ளியாக நிற்கிறது. மாற்று நிலம் தர மாநிலத்தால்தான் முடியும். கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பது நகராண்மைக் கழகம். இங்கே எந்த வழி சிறந்தது என்று கேட்பதைவிட, எது முதலில் என்று கேட்பதே சரி. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு நான் சொல்லும் வரிசை: நிலம், பிறகு நிதி, பிறகு வரைபடம். நிதியை முதலில் கேட்கும் சங்கங்களிடம் அமைச்சு முதலில் கேட்பது நிலப் பத்திரத்தைத்தான்.

இந்தக் கட்டுரைக்குக் காரணமான குடும்பங்களுக்கு என் பதிலும் இதிலிருந்தே வருகிறது. உங்கள் தோட்டம் கைமாறப்போவதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நிலப் பயன்பாட்டை மாற்றும் விண்ணப்பம் இன்னும் போகவில்லை என்றும் சொல்கிறீர்கள். எனவே மூன்று இடங்களுக்கும் ஒரே கடிதத்தின் நகலை அனுப்பாதீர்கள். எல்லாருக்கும் வந்தது என்றால், வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் ஒதுங்க இடம் கிடைக்கும். நில அலுவலகத்தில் பத்திரத்தைத் தேடி, லாட் (நிலத் துண்டு) எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), உரிமையாளர் பெயர், நிலப் பயன்பாட்டு வகை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதும் வேலையில் இருப்பவர்களையும் ஓய்வுபெற்றவர்களையும் இரண்டு தனிப் பட்டியல்களாக எழுதுங்கள். உங்கள் லயம் லிந்தாங்கில் வருகிறதா, ஜாலோங்கில் வருகிறதா என்று பார்த்து, அந்தச் சட்டமன்ற உறுப்பினரிடமும் மந்திரி பெசார் அலுவலகத்திலும் நிலத்தைப் பற்றிய மகஜரை மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்குங்கள். லயத்து வீடுகளின் கூரையைப் பற்றிய புகாரை, வேலையில் இருப்பவர்களின் பட்டியலோடு ஆள்பல இலாகாவுக்குத் தனியாக எழுதுவோம். அதற்கான படிவத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.